தட்டைச்சுருள் நத்தைக் குடும்பமும் அதை இனம் காணும் முறையும்

வயல் நத்தை என்றதும் தஞ்சாவூர்ச் சீமையில் வளர்ந்தவர் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, வாய்க்கால் கரையிலும் வரப்போரத்திலும் உருண்டு திரண்டு கிடப்பதும், ஓட்டின் வாயைக் கெட்டியான மூடி ஒன்றினால் அடைத்துக்கொள்வதும், மழை நாளில் பொறுக்கி வந்து வேகவைத்துக் குழம்பாகச் சமைக்கப்படுவதுமாகிய பெரிய நத்தையே ஆகும். மற்றவற்றையெல்லாம் பொடி நத்தை என்ற ஒரே சொல்லில் அடக்கி வாத்துக்கு விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் அந்தப் பொடிக் கூட்டத்துக்குள்ளேதான், மாட்டின் மூக்கை அடைத்து அதை இரவெல்லாம் குறட்டை விடச் செய்யும் புழு ஒன்றுக்கு இடம் கொடுக்கும் நத்தை இருக்கிறது. பார்வைக்கு அதன் குஞ்சைப்போலவே இருந்தும் அந்தக் குற்றத்தில் சிறிதும் பங்கில்லாத நத்தைகளும் அதனோடு ஒரே இலையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றைப் பிரித்தறியும் விதத்தை, கையில் ஒரு பூதக்கண்ணாடியும் மனத்தில் சற்றுப் பொறுமையும் உடையவர் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

இக்குடும்பத்தின் சாஸ்திரப் பெயர் பிளானார்பிடே என்பது. சாதாரண நத்தையின் ஓடு கூம்பாக மேல்நோக்கிச் சுருண்டு எழ, இக்குடும்பத்தின் பெரும்பாலானவற்றில் அது எழும்பாமல், பானையைத் தாங்கும் வைக்கோற் பிரிமணையைப்போல ஒரே தளத்தில் சுற்றிச் சுற்றி விரிகிறது. மேனாட்டார் செம்மறிக்கடாவின் கொம்பை நினைத்து இதற்குப் பெயரிட்டனர். சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் விற்கும் கடைகளிலும் 'ராம்ஸ்ஹார்ன்' என்றே கேட்டு வாங்குகிறார்கள். அங்கே சிவப்பும் நீலமுமாய்க் கண்ணாடித் தொட்டிகளில் ஊரும் நத்தைகள் பெரும்பாலும் அமெரிக்க வர்க்கத்தைச் சேர்ந்தவை, நம் வயலுக்கு உரியவை அல்ல. தொட்டியைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் வழக்கம் உள்ளவர்கள் அதை உடனே கைவிடுவது நல்லது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்நிய நத்தை ஒரு முறை ஆற்றுப் பாசனத்தில் புகுந்துவிட்டால் அதைத் திரும்பப் பொறுக்கி எடுப்பது எவராலும் ஆகாத காரியம்.

தேடுவதற்கு உகந்த காலத்தை முதலில் அறிய வேண்டும். ஜூன் 12 ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையில் பிரிந்து, வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் கரை நிறைந்து ஓடும் நாட்களில் இந்த நத்தைகளை ஆற்றில் தேடுவது வீண். ஓட்டம் மிகுந்த தண்ணீரை இவை விரும்புவதில்லை. ஆனால் வழக்கப்படி ஜனவரி 28 ஆம் தேதியோடு அணை மூடப்பட்டு, வாய்க்கால்கள் வற்றத் தொடங்கி, மதகுகளின் அடியிலும் மடுக்களிலும் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில், விசாலமான பரப்பில் சிதறிக் கிடந்த நத்தைகளெல்லாம் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. சம்பா வயலின் வடிகாலும், அல்லி படர்ந்த கோயில் குளத்தின் ஓரமும், ஆகாயத்தாமரை மூடிய குட்டையும் ஆண்டு முழுவதும் இவற்றுக்குப் புகலிடம். தேநீர் வடிகட்டி ஒன்றை மூங்கிற் குச்சியில் கட்டிக்கொண்டு இலைகளின் அடிப்புறத்தை மெல்லச் சுரண்டினாலே போதும். கையில் ரப்பர் உறையும் காலில் முழங்கால் வரை ஜோடும் இல்லாமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். அதன் காரணம் பின்னால் வரும்.

சேகரித்தவற்றை வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றில் ஒரு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி இட்டு, அசையாமல் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பே இத்துறையின் முதற்பாடம் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் ஓட்டை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லத் துணிகிறவர், ஊரும் பிராணியைப் பார்க்கும் வரையில் பொறுத்திருப்பவரைக் காட்டிலும் இரண்டு மடங்கு தவறுவார். பயம் தெளிந்து நத்தை பாதத்தை நீட்டும்போது, அந்தப் பாதத்தின் பின்பக்கத்தில் கொம்புப் பொருளாலோ சுண்ணத்தாலோ ஆன மூடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் அது பெரிய நத்தையின் கூட்டத்தையோ, குளத்து நத்தைகளின் கூட்டத்தையோ சேர்ந்தது, அதைத் தள்ளிவிடலாம். மூடியில்லாமல் இருப்பவை நுரையீரலால் காற்றைச் சுவாசிக்கும் நத்தைகள். அவற்றுள்ளும் உணர்கொம்பு அகன்று முக்கோணமாய்க் காதுமடல்போல் இருந்தால் அது லிம்னியா வர்க்கம். உணர்கொம்பு மயிரிழைபோல் நீண்டு, அதன் அடியின் உட்புறத்தில் கண் ஒரு கரும்புள்ளியாய்த் தெரிந்து, ஓடும் தட்டையாய்ச் சுருண்டிருந்தால் நாம் தேடிய குடும்பம் அதுவே. உணர்கொம்பு அவ்வாறே மெலிந்திருந்தும் ஓடு கூர்ந்து எழும்பி வாய் இடப்பக்கம் திறந்திருந்தால் அது பைசெல்லா என்னும் வந்தேறி. நகரத்துச் சாக்கடைகளில் அது ஏராளம்.

ஓட்டின் வாய் எப்பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்வதில் நம் வாசகருக்கு ஒரு தடுமாற்றம் நேரக்கூடும். விலங்கியலார் ஓட்டின் உச்சியை மேலே வைத்து, வாயைத் தம்மை நோக்கித் திருப்பிப் பார்க்கிறார்கள். அப்போது வாய் வலப்பக்கம் இருந்தால் வலச்சுருள் என்றும் இடப்பக்கம் இருந்தால் இடச்சுருள் என்றும் கொள்வார்கள். நாம் பூஜையில் வைத்துப் போற்றும் வலம்புரிச் சங்கு அவர்கள் கணக்கில் இடச்சுருளாகும். ஆகவே குறிப்பேட்டில் வலம்புரி, இடம்புரி என்று எழுதாமல் வலவாய், இடவாய் என்று எழுதிக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும். தட்டைச்சுருள் நத்தையிலோ இந்தச் சோதனையும் கைகொடுப்பதில்லை. உச்சியே இல்லாத தட்டையான ஓட்டைத் திருப்பிப் போட்டால் வாயும் பக்கம் மாறிவிடும். இங்கேதான் உயிருள்ள பிராணி சாட்சி சொல்கிறது. அது ஊரும்போது சுவாசத் துவாரத்தையும் ஜனனத் துவாரத்தையும் தேடினால், இரண்டும் இடப்பக்கத்திலேயே இருக்கக் காணலாம். ஓடு எத்தனை வலமாய்த் தோன்றினாலும் சரீர அமைப்பினால் இக்குடும்பம் இடச்சுருளே என்பது இதனால் நிச்சயமாகிறது.

இன்னொரு லக்ஷணம் கண்ணுக்கே தெரிவது. பெரும்பாலான நத்தைகளின் இரத்தம் செம்புச் சத்து உடையதாய், நிறமற்றோ இளநீலமாகவோ இருக்க, இக்குடும்பத்தின் இரத்தத்தில் நம் இரத்தத்தில் உள்ளது போன்றே ஹீமோகுளோபின் கரைந்திருக்கிறது. பெரிய தட்டைச்சுருள் நத்தை ஒன்றின் ஓடு வரப்புக் கல்லில் பட்டு நெரிந்திருந்தால் தட்டிலுள்ள தண்ணீர் இளஞ்சிவப்பாய் மாறுவதைக் காணலாம். ஓடு மெல்லிதாய் இருக்கும் குஞ்சுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளிருக்கும் சரீரமே செந்நிறமாய்த் தெரியும். இலை தழை அழுகிப் பிராணவாயு குறைந்துபோன குட்டைத் தண்ணீரிலும் இவை செழித்து வாழ்வதற்கு இந்தச் சிவப்பு இரத்தம் பெரிதும் துணை செய்கிறது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் ஒரே உடலில் அமைந்திருப்பதும், துணையில்லாமலே முட்டையிட வல்லதாய் இருப்பதும் இவற்றின் விருத்திக்கு மற்றொரு காரணம். அல்லி இலையின் அடிப்புறத்தைத் திருப்பினால், தெளிந்த பசைத்தட்டு ஒன்றில் வட்டமாய் அடுக்கிய முட்டைகள் ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், முதிர்ந்த முட்டைக்குள் குஞ்சு நத்தை மெல்லச் சுழன்றுகொண்டே இருப்பதும் தெரியும்.

இனி நம் படுகையில் கிடைக்கும் இனங்களுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பெரியதும் முக்கியமானதும் இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ். நன்கு வளர்ந்த நத்தையின் ஓடு 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை விட்டமுடையது, பழுப்பு நிறம், சுருள்கள் உருண்டையாய், பக்கவாட்டில் தடித்து, விரைந்து பெருத்துக்கொண்டே வரும், இருபுறமும் நடுவில் குழி விழுந்திருக்கும். இந்தப் பருமனே இதன் முத்திரை. அடுத்தது கைராலஸ் என்னும் பேரினம். அதில் நம் நாட்டில் எங்கும் பரவியிருப்பது கைராலஸ் கான்வெக்ஸியூஸ்குலஸ். இது பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஓடு மிகத் தட்டையானது, மெல்லியது. இண்டோபிளானார்பிஸின் குஞ்சும் இதுவும் ஒரே அளவில் அருகருகே கிடக்கும்போதுதான் புதியவர் மயங்குகிறார். ஓட்டைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்கவும்: குஞ்சின் ஓடு இந்தச் சிறு பருவத்திலேயே தடித்து, வாய் உயர்ந்து பிறைபோல் வளைந்திருக்கும், கைராலஸின் ஓடோ விளிம்பில் நிறுத்தினால் நிற்கவே மறுக்கும் அளவுக்கு ஒடுங்கியது.

மூன்றாவதாக ஹெலிகார்பிஸ் அம்பிலிகாலிஸ். பழைய நூல்களில் இதை ஹிப்யூட்டிஸ் என்ற பேரினப் பெயரால் காணலாம். பளபளப்பான, ஏறக்குறைய ஊடுருவிப் பார்க்கத்தக்க ஓடு. ஒருபுறம் குவிந்து விளிம்பு கூர்ந்து, பூதக்கண்ணாடியின் வில்லையை ஒத்த வடிவம். செக்மென்டினா வர்க்கத்து நத்தைகளும் இதே பளபளப்பை உடையவையே. ஆனால் அவற்றின் ஓட்டுக்குள்ளே சிறு தடுப்புகள் எழுந்திருப்பதால் வெளியிலிருந்து பார்க்கையில் வெண்கோடுகளாய் அவை தெரியும். இவ்விரண்டையும் பற்றி உழவர் கவலைப்பட வேண்டியது அதிகமில்லை.

கடைசியாக, இக்குடும்பத்தில் சேர்த்தி என்று சொன்னால் நம்பமாட்டாத ஒன்று: ஃபெரிசியா. இதற்குச் சுருளே கிடையாது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு குல்லாயைக் கவிழ்த்தாற்போலத் தாமரைத் தண்டிலும் மூழ்கிய கல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இது, நெடுங்காலம் ஆன்சிலிடே என்ற தனிக் குடும்பமாக வைக்கப்பட்டிருந்தது. உள்ளுறுப்புகளின் ஒற்றுமையும், பின்னர் மரபணுப் பரிசோதனையும் இதைத் தட்டைச்சுருள் நத்தைகளின் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டன. சுருள் என்பது இக்குடும்பத்தின் வழக்கமேயன்றி நியமம் அல்ல என்பதை இதனால் அறியலாம். இதைக் கேவலம் என்று ஒதுக்கவும் முடியாது: மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி ஜில்லாவில் கிம்வி என்னும் கிராமத்தில் மனிதரின் சிறுநீரில் இரத்தம் கலந்து போகும் பில்ஹார்சியா நோய் இருப்பதை 1952-ல் காட்கில், ஷா என்ற இருவர் வெளியிட்டபோது, அந்தப் புழுவைச் சுமப்பதாக அவர்கள் பின்னர்ச் சுட்டிக்காட்டியது ஃபெரிசியா டெனுயிஸ் என்னும் இந்தக் குல்லாய் நத்தையைத்தான்.

இப்பெயர்களெல்லாம் எவ்வாறு வந்தன என்பதும் அறியத்தக்கது. 1758-ல் லின்னேயஸ் இவற்றை நிலத்து நத்தைகளோடு சேர்த்து ஹெலிக்ஸ் என்ற பெரிய மூட்டையிலேயே கட்டிவைத்தார். டென்மார்க்கு தேசத்து முல்லர் பிளானார்பிஸ் என்ற பேரினத்தைப் பிரித்தெடுத்தார்; 1815-ல் ராஃபினெஸ்க் அதைக் குடும்பமாக உயர்த்தினார். நம் பெரிய தட்டைச்சுருள் நத்தைக்கு எக்ஸஸ்டஸ் என்று பெயரிட்டவர் 1834-ல் பிரெஞ்சுக்காரரான தெஷாயே. அவர் கண்ணுக்கு அது ஐரோப்பியப் பிளானார்பிஸின் தடித்த சகோதரனாகவே பட்டது. அந்த மதிப்பீட்டை மாற்றத் தூண்டியது ஒரு யுத்தம். முதல் உலக யுத்தத்தில் எகிப்துக்கும் மெசபடோமியாவுக்கும் சென்ற இந்தியச் சிப்பாய்கள் பில்ஹார்சியாப் புழுவை உடலில் ஏந்தித் திரும்பினால், அதை வளர்த்துப் பரப்பக்கூடிய நத்தை நம் நாட்டில் இருக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. 1916-ல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேலும், பின்னாளில் அப்பதவிக்கு வந்த பைனி பிரஷாத்தும் இந்நாட்டின் நன்னீர் நத்தைகளை முறையாய் ஆராய்ந்தனர். சீமோர் சீவெல் அவற்றினுள் வாழும் புழுக்களை வர்ணித்து 1922-ல் வெளியிட்டார். ஓட்டைவிட உள்ளுறுப்புகளை மதித்த அந்த நத்தை ஆராய்ச்சியின் பயனாகவே 1921-ல் அன்னண்டேலும் பிரஷாத்தும் இண்டோபிளானார்பிஸ் என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினர்.

அதற்குப் பின்னும் வழக்கு முடியவில்லை. இண்டோபிளானார்பிஸின் நெருங்கிய உறவு கைராலஸ் அல்ல, ஆப்பிரிக்காவில் மனிதரின் பில்ஹார்சியாவைச் சுமக்கும் பூலினஸ் என்னும் கூர்முனை நத்தையே என்று மரபணு ஆய்வுகள் காட்டின. 2017-ல் வெளிவந்த வகைப்பாடு இவ்விரண்டையும் பூலினிடே என்ற தனிக் குடும்பமாகவே பிரித்துவிட்டது. தட்டையாய்ச் சுருண்டதும் கோபுரமாய் எழுந்ததும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். தட்டையாய்ச் சுருண்ட இரண்டு நத்தைகளோ வெவ்வேறு வீட்டைச் சேர்ந்தவை! சிலர் இதைக் கண்டு, ஆண்டுக்கு ஒரு பெயர் மாற்றுவதே இவர்களுக்குத் தொழிலாகிவிட்டது என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஓட்டின் வடிவத்தை நம்பிய பழைய வகைப்பாடு, இரத்தக் குழாயில் வாழும் புழுக்களுக்கு இந்த ஒரு நத்தை மட்டும் ஏன் இத்தனை இணக்கமாய் இருக்கிறது என்பதற்கு விடை சொல்லவில்லை. புதிய வகைப்பாடு பூலினஸைக் காட்டி ஓரளவு சொல்கிறது. ஆயினும் கால்நடை மருத்துவ நூல்கள் பலவும் பழைய குடும்பப் பெயரையே ஆள்வதால், இரண்டையும் அறிந்திருப்பது சௌகரியம்.

மாட்டின் நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மாடு மூச்சுவிடச் சிரமப்பட்டு, சளி ஒழுக, படுத்தபோது குறட்டை விடுவதை நம் கிராமங்களில் பார்க்காதவர் குறைவு. மூக்கின் உட்புறச் சவ்வில் பூக்கோசுபோல் தசை வளர்ந்து துவாரத்தை அடைப்பதே அதன் காரணம். சென்னை மாகாணத்து மாடுகளில் இந்நோயை ஆராய்ந்த எம். அனந்தநாராயண ராவ், மூக்குச் சவ்வின் இரத்தக் குழாய்களுக்குள் வாழும் புழுவே இதை உண்டாக்குகிறது என்று காட்டி, அதற்குச் சிஸ்டோசோமா நாசாலே என்று 1933-ல் பெயர் சூட்டினார். புழுவின் முட்டைகள் மூக்குச் சளியோடு வெளிவருகின்றன. மாடு குட்டையில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும்போது சளி தண்ணீரில் கலக்கிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் நுண்ணிய இளம்புழு, அதே ஓரத்தில் இலைகளில் ஒட்டியிருக்கும் இண்டோபிளானார்பிஸைத் தேடித் துளைத்துப் புகுகிறது. நத்தையின் உடலுக்குள் பல வாரங்கள் பெருகிய பின், வால் இரண்டாகப் பிளந்த வேறொரு இளம்புழுவாய்க் கூட்டங்கூட்டமாய் வெளியேறி, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. எருமைக்கும் புழு ஏறும். ஆனால் அதன் மூக்கில் விகாரம் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. ஆகவே குறட்டை விடாத எருமை, நோயைக் குட்டைக்குக் குட்டை கொண்டு செல்லக்கூடும். சிஸ்டோசோமா ஸ்பிண்டாலே, சிஸ்டோசோமா இண்டிகம் என்னும் வேறு இரத்தப் புழுக்களும் இதே நத்தையை நாடுகின்றன. ஆடு மாடுகளின் இரைப்பையில் வாழும் தட்டைப்புழுக்கள் சிலவும் அவ்வாறே.

நத்தையில் புழு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு நத்தையையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில், குளோரின் கலவாத சுத்தமான தண்ணீரில் இட்டு, காலை வெயில் படும்படி இரண்டு மூன்று மணி நேரம் வைக்கவும். பின்னர் குப்பியைக் கறுப்புத் துணிக்கு எதிரே பிடித்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், புழு வெளியேறியிருக்கும் குப்பியில் வெண்மையான நுண்துகள்கள் துள்ளி எழுந்து மெல்லத் தாழ்வது தெரியும். அந்தத் தண்ணீரில் விரலை விட வேண்டாம். பார்த்து முடித்ததும் கொதிக்கவைத்துக் கொட்டவும். இப்புழுக்கள் மனிதரின் உடலில் வளர்ந்து முதிர்வதில்லை. எனினும் தோலைத் துளைக்க முயன்று மடிவதனால் கடும் அரிப்பையும் சிவந்த தடிப்புகளையும் உண்டாக்குகின்றன. களையெடுத்துவிட்டுக் கரையேறிய பெண்களின் காலில் அன்று மாலையே காணும் இந்தத் தடிப்பு வேறு, நாட்கணக்கில் சேற்றில் நிற்பதால் விரலிடுக்கில் வெந்துபோகும் சேற்றுப்புண் வேறு. இரண்டுக்கும் ஒரே களிம்பைத் தடவுவது பயனற்றது.

நத்தையை அடியோடு ஒழிப்பது என்பது இந்தப் பாசனச் சீமையில் நடக்கக்கூடியதன்று. குளத்தில் மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றச் சொல்லும் பழைய யோசனையை நான் ஆதரிக்கவில்லை. நத்தையோடு மீனும் செத்து மிதக்கும். வற்றிய குட்டையின் சேற்றுக்குள் நத்தை பல வாரம் உறங்கிக் கிடந்து, அடுத்த தண்ணீரில் எழுந்துகொள்ளவும் வல்லது. அறுவடை முடிந்த தாளடி வயல்களில் வாத்துக்கூட்டத்தை மேயவிடுவதும், மாடு இறங்கும் துறையில் ஆகாயத்தாமரையையும் பாசியையும் அவ்வப்போது வாரி எறிந்து நத்தை ஒட்டுவதற்கு இடமில்லாமற் செய்வதும், எல்லாவற்றுக்கும் மேலாக, உழவு மாட்டுக்கும் கறவைக்கும் தொட்டியில் தண்ணீர் காட்டுவதும் கைமேல் பலன் தருபவை. குறட்டை விடும் மாட்டுக்கு வைத்தியம் மருத்துவரின் பொறுப்பு. ஊசி போடாமல் பச்சிலைச் சாற்றை மூக்கில் பிழிந்து நாளைக் கடத்துவதால் மாடுதான் மெலியும். ஒரத்தநாட்டில் 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்ட பிறகு, நம் பக்கத்தவர் இதற்காக நெடுந்தூரம் போக வேண்டிய அவசியமும் இல்லை.

நத்தையைப் பாதுகாத்து அனுப்ப விரும்புவோர், அதை உயிரோடு சாராயத்தில் போடக் கூடாது. போட்டால் உடல் ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டு, உள்ளுறுப்பைப் பார்க்க வழியில்லாமற் போகும். தண்ணீர்க் குப்பியின் மேல் மெந்தால் துகள்களைத் தூவி, ஓர் இரவு மூடி வைக்கவும். மறுநாள் நத்தை உடலை நீட்டியபடியே மரத்துக் கிடக்கும். ஊசி முனையால் தொட்டும் அசையாவிட்டால் 70 சதவீதச் சாராயத்துக்கு மாற்றலாம். மரபணுப் பரிசோதனைக்கு என்றால் சாராயம் 95 சதவீதமாவது இருக்க வேண்டும். ஃபார்மலின் ஆகவே ஆகாது. சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே இடவும். ஊர், வாய்க்காலின் பெயர், அது எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது என்பது, தேதி, தண்ணீர் ஓடியதா தேங்கியதா என்பது, எந்தச் செடியில் ஒட்டியிருந்தது, மாடு இறங்கும் துறையா அல்லவா என்பது ஆகிய இவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். இனப் பெயரில் சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். குடும்பப் பெயரை எழுதுவதானால் இண்டோபிளானார்பிஸுக்கு மட்டும் பூலினிடே, பழைய வழக்கில் பிளானார்பிடே என்று இரண்டையும் எழுதிவிடவும்.